வீடு வீடாக மாறிய பெண்கள் விடுதிப் பள்ளியின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி

போன வருஷம் எங்கள் அத்தையின் பள்ளித் தோழிகள் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் கூடினார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. பிரியாணி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது "நம்ம ஸ்கூல் கதைய யாராவது எழுதி வைக்கணும்டி" என்று ஒருவர் சொன்னார், உடனே அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள், அந்தக் கூடத்தில் அறுபதுக்குக் கீழே இருந்தவள் நான் ஒருத்திதான். பள்ளி இப்போது இல்லை. பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பங்களாக்களில் நடந்து, கடைசியில் மூடிய சின்ன விடுதிப் பள்ளி அது. பெயர் இங்கே வேண்டாம், குடும்பங்களுக்குள் இன்னும் மனக்கசப்பு இருக்கிறது. எட்டு மாதம் அலைந்தேன், அதில் முதல் மூன்று மாதம் சுத்தமாக வீண். உங்கள் அம்மாவோ பாட்டியோ படித்த இதேபோன்ற ஒரு பள்ளியைப் பற்றி எழுத நினைத்தால் அந்த மூன்று மாதத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

வீணானதற்குக் காரணம் நான் பள்ளியின் பெயரை வைத்துத் தேடியதுதான். இப்படிப்பட்ட பள்ளிகள் பெயரை மாற்றும், நிர்வாகத்தை மாற்றும், காகிதங்களைத் தொலைக்கும். வீடு அப்படியில்லை. அதற்கு வரி உண்டு, பத்திரம் உண்டு, வாடகைத் தகராறு உண்டு, வரைபடத்தில் ஓர் இடம் உண்டு. அதனால் முதல் வேலையாக ஒரு நோட்டில் பள்ளி இருந்த வீடுகளை வரிசையாக எழுதுங்கள். எந்த வீடு, எந்தச் சாலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, யார் வீடு, பள்ளி வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, போன பிறகு என்ன ஆனது. தெரியாத கட்டங்களைக் காலியாக விடுங்கள், அந்தக் காலிக் கட்டங்கள்தான் இனி உங்கள் வேலை.

பெரிய வீடுகளில் விடுதிப் பள்ளி நடத்தும் வழக்கத்துக்குத் தாய்வீடு இங்கிலாந்து, அதனால் அங்கிருந்து ஓர் உதாரணம். குவீன் மார்கரெட்ஸ் என்ற பெண்கள் விடுதிப் பள்ளி 1901-இல் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் தொடங்கியது. 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் அந்த ஊர்மேல் குண்டு பொழிந்தன, பள்ளி ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரிக்குப் போனது. போர் முடிந்து ஊருக்குத் திரும்பி, இரண்டாம் உலகப்போரில் மறுபடி மூட்டை கட்டி, இந்தத் தடவை கேஸில் ஹவர்ட் என்ற பிரம்மாண்டமான பிரபு மாளிகைக்குக் குடிபோனது. 1940 நவம்பர் 9 அன்று அந்த மாளிகையில் தீப்பிடித்துப் பெரிய குவிமாடமே இடிந்து விழுந்தது, 1960-களில்தான் அதைத் திரும்பக் கட்டினார்கள். 1949-இல் யார்க் நகருக்குப் பக்கத்தில் எஸ்க்ரிக் பார்க் என்ற இன்னொரு மாளிகைக்குப் பள்ளி மாறியது, 2025-இல் மூடும்வரை அங்கேதான் இருந்தது. பள்ளியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 'போர்க்காலத்தில் இடம் மாறியது' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மாளிகையின் பெயரைப் போட்டுத் தேடினால் தீ, குவிமாடம், மராமத்து என்று கதை தானாக விரியும்.

சாட்ஸ்வர்த் மாளிகையின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1939-இல் போர் வந்ததும், வீட்டைப் பட்டாளம் எடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்த டெவன்ஷர் பிரபு, வேல்ஸிலிருந்து பென்ரோஸ் என்ற பெண்கள் பள்ளியை அழைத்துத் தன் மாளிகையில் வைத்துக்கொண்டார். ராணுவ வீரர்களைவிடப் பள்ளிப் பெண்கள் வீட்டை நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. 1946 வரை அங்கே இருந்தார்கள். ராஜா ராணிகளுக்கென்று கட்டிய அறைகளில் வரிசையாகக் கட்டில் போட்டுப் பெண்கள் தூங்கினார்கள், அத்தனை பேரின் மூச்சுக்காற்றிலிருந்த ஈரத்தில் சில ஓவியங்களின் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது. வெந்நீருக்குத் தட்டுப்பாடு, ஆனால் குளிர்காலத்தில் உறைந்த வாய்க்காலில் சறுக்கி விளையாடலாம். அந்தப் பூஞ்சையும் ஒரு வரலாற்று ஆவணம்தான் என்பது என் கட்சி. உங்கள் பங்களா இன்னும் நின்றுகொண்டிருந்தால் ஒருமுறை உள்ளே போய் அந்த மாதிரித் தடயங்களைப் பாருங்கள். எங்கள் இரண்டாவது பங்களா இப்போது ஓர் அலுவலகம். செக்யூரிட்டியிடம் கெஞ்சி உள்ளே போனபோது பின்வராந்தாவில், மங்கி டாப் என்று நம்மூரில் சொல்லும் அந்தக் கூரான மரச்சட்டத்துக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் பதினெட்டுக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. இடுப்பு உயரம் என்றால் சின்னப் பெண்களுக்கு. மழைக்கோட்டு மாட்டும் இடம் என்று அத்தை பிறகு சொன்னார்.

ஏன் வீட்டில் போய்ப் பள்ளி நடத்தினார்கள் என்ற கேள்வியை உங்கள் கட்டுரை தொடாமல் போகக்கூடாது. இங்கிலாந்தில் காரணம் பணம்தான். 1894-இல் வந்த மரண வரி, அதாவது இறந்தவரின் சொத்துமேல் போடும் வரி, 1919-இல் பெருஞ்சொத்துகளுக்கு 40 சதவீதம் வரை ஏறியது, முதல் போரில் வாரிசுகள் செத்துப்போனார்கள், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, மாளிகைகள் விலைக்கு வந்தன. பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், ஓடி விளையாடப் புல்வெளி எல்லாம் தயாராக இருந்த வீடுகள். பெனன்டன் பள்ளி 1923-இல் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து தொடங்கி, அடுத்த ஆண்டே கென்ட்டில் ஹெம்ஸ்டெட் பார்க் என்ற மாளிகைக்குப் போனது இந்தக் காலத்தில்தான். ஆனால் இந்தக் காரணங்களை அப்படியே பெங்களூருக்குத் தூக்கி வராதீர்கள். இங்கே வீட்டு உரிமையாளர் யார் என்று தனியாகத் தேடத்தான் வேண்டும். எங்கள் இரண்டாவது பங்களா ஒரு முதலியார் குடும்பத்துக்குச் சொந்தம், துரைமார்களுக்கு வாடகைக்கு விட்டது, துரைமார்கள் போனதும் பள்ளிக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டின் பெயரும் மாறும், அதையும் கவனியுங்கள். சென்னை மெரினாவில் 1842-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், பிறகு பிலிகிரி ஐயங்கார் கையில் கேஸில் கெர்னன் ஆனது, 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், அதற்கப்புறம் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்த விடுதியானது, இப்போது விவேகானந்தர் இல்லம். ஒரே கட்டடம்தான். ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்ற கதைகள் கண்ணில் படாது.

சாலைப் பெயர்களும் அப்படியே. பழைய கடிதத்தில் சவுத் பரேட் என்று இருந்தால் அது எம்.ஜி. ரோடு. கேவல்ரி ரோடு என்றால் இன்றைய காமராஜ் ரோடு. கிராண்ட் ரோடு இப்போது விட்டல் மல்லையா ரோடு. நான் இந்தப் பட்டியலைத் தயாரிக்காமல் இரண்டு வாரம் தப்பான தெருவில் ஒரு வீட்டைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன், அந்த வீட்டுக்காரம்மா காபி கொடுத்ததுதான் லாபம்.

காகிதங்கள் எங்கே கிடைக்கும்? கண்டோன்மென்ட் 1881-க்குப் பிறகு மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்கு வெளியே, மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட்டின் கீழ் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனாக இருந்தது, 1947 ஜூலையில்தான் மைசூரிடம் திரும்பி வந்தது. இது தெரியாமல் விதான சௌதாவில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று வீட்டுக்கு வந்துவிடுவோம், நான் வந்தேன். ரெசிடென்ட் சம்பந்தப்பட்ட கோப்புகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும், அவர்களுடைய அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது பள்ளிப் பெயரோடு 'ஐரோப்பியப் பள்ளிகள்' என்ற பிரிவையும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்கு அப்போது அதுதான் அரசாங்கப் பெயர். மிஷன் நடத்திய பள்ளியாக இருந்தால் மில்லர்ஸ் ரோட்டில் உள்ள யுனைடெட் தியாலஜிகல் காலேஜின் ஆவணப் பிரிவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். தாக்கர் டைரக்டரி போன்ற பழைய முகவரிப் புத்தகங்களை இணையத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டால் பள்ளி எப்போது எந்த வீட்டுக்கு மாறியது என்பது ஓரளவு பிடிபடும்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே 1921 கணக்கெடுப்பில் ஒரு விடுதிப் பள்ளியில் அன்றிரவு தூங்கிய மாணவிகள், ஆசிரியைகள், சமையல்காரி வரை பெயரோடு, பிறந்த ஊரோடு இருக்கிறார்கள். 1931 காகிதங்கள் மட்டும் 1942-இல் தீயில் போய்விட்டன, 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அதனால் 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேட்டை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நம் ஊர்க் கணக்கெடுப்பில் வீடுவாரியான படிவங்களைப் பாதுகாத்து வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் நமக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஈடாக நமக்கு இருப்பது சர்ச் பதிவேடுகளும் பத்திரங்களும்.

பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம். கர்நாடகத்தில் காவேரி இணையதளத்தில் சமீப காலத்து வில்லங்கச் சான்றிதழ் கிடைக்கும், பழையதுக்கு நேரில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். உரிமையாளர் குடும்பத்தாரைப் பிடித்து அவர்கள் பீரோவில் இருக்கும் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்பது இதைவிடச் சுலபம். சொத்துத் தகராறுக்கு ஆள் வந்திருக்கிறது என்று முதலில் பயப்படுவார்கள். நான் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன், எண்பது வயதை நெருங்கிய ஒருவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பள்ளி மலர்களை நம்பாதீர்கள். பொன்விழா மலர், வெள்ளிவிழா மலர் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எங்கள் பள்ளி மலரில் இருந்த தொடக்க ஆண்டு உண்மையில் அதே வீட்டில் அதற்கு முன்னால் நடந்த வேறொரு பள்ளியின் ஆண்டு. தலைமை ஆசிரியைகளின் படம் வரிசையாக இருக்கும், சமையல்கட்டில் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இருக்காது. எங்கள் பள்ளியில் ஆயா, சமையல்காரர், தோட்டக்காரர், வாட்ச்மேன் அத்தனை பேரும் தமிழர்கள், அல்சூரிலும் மர்பி டவுனிலும் குடியிருந்தவர்கள். கடைசியில் என் பட்டியலின் காலிக் கட்டங்களை நிரப்பியவர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், பள்ளிச் சமையல்காரரின் பேரன். முதல் பங்களாவிலிருந்து இரண்டாவதுக்கு மாறிய நாள் அவர் தாத்தாவுக்குத் தெரியும், காரணம் பாத்திரங்களை மாட்டுவண்டியில் ஏற்றியது அவர்தான், அன்றைக்கு வீட்டில் அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் ஞானஸ்நானச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது. பள்ளியின் எந்தக் காகிதத்திலும் இல்லாத தேதி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

வயதானவர்களிடம் பேசும்போது 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது, கேட்டால் சங்கடப்பட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். 'அப்போ மேட்ரன் யாரு, சாயங்காலம் என்ன தின்னக் கொடுப்பாங்க, குளிக்க வெந்நீர் எங்கேருந்து வரும், ராத்திரி பாத்ரூம் போக எத்தனை படி இறங்கணும்' என்று கேளுங்கள். வெந்நீரும் படிக்கட்டும் எந்த வீடு என்பதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் முதல் பங்களாவில் படியே கிடையாது, அதனால் ஒருவர் படியில் விழுந்த கதையைச் சொன்னதுமே அது இரண்டாவது அல்லது மூன்றாவது வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டோக்களையும் அப்படியே பிரிக்கலாம், முகங்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ஜன்னலையும் தூணையும் பாருங்கள். விடுதி நாட்களில் அழுத கதைகளும் வரும். வாரம் ஒரு கடிதம், அதையும் வார்டன் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார் என்பதைச் சொன்ன ஒருவர், அதற்கு மேல் பேசாமல் ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி இடத்தில் ரெக்கார்டரை நிறுத்துங்கள்.

கொடுக்கும் போட்டோக்களை அன்றைக்கே ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுங்கள், 600 டிபிஐ போதும். ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணவே கூடாது. பின்பக்கம் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் லேசாகத்தான், பேனா வேண்டாம்.

எழுத உட்காரும்போது தலைமை ஆசிரியைகளை வைத்து அத்தியாயம் பிரிக்காமல் வீடுகளை வைத்துப் பிரியுங்கள். வீட்டுக்கு ஒரு அத்தியாயம், முதல் பக்கத்தில் அந்த வீட்டின் கையால் வரைந்த தரைப்படம், எந்த அறை டார்மிட்டரி, எது சாப்பாட்டு அறை, மணி எங்கே தொங்கியது என்று குறித்து. இந்தப் படத்தை அத்தையின் தோழிகள் ஆறு பேரிடம் தனித்தனியாக வரையச் சொன்னேன், ஆறும் ஆறு மாதிரி இருந்தது, ஆனால் மணி தொங்கிய மாமரம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது.

அச்சடித்ததில் ஒரு பிரதியை அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள், ஒன்றை மாநில ஆவணக் காப்பகத்துக்கு. இன்னொன்றைச் சமையல்காரரின் பேரனுக்கு நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுவண்டி இரண்டு, ஒன்று என்று தப்பாகப் போட்டிருக்கிறாய் என்றார். அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும்.