ஜீப்புக்கு ஹெட்லைற் பல்ப் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரந்தன் தாண்டி ஏ9 வீதியில் இரவில் ஓடுகிற எவருக்கும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கறுத்தத் தாரில் கறுத்த மாடு படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடுதான். வெளிச்சம் போதவில்லை என்று ஜீப்போ டபுள் கேப்போ வைத்திருப்பவர்கள் பல்ப் மாற்ற நினைப்பது நியாயமானது. ஆனால் கடையில் போய் "இருக்கிறதிலேயே வெளிச்சம் கூடினதைத் தாருங்கோ" என்று கேட்பதோடு பிழை தொடங்கிவிடுகிறது.

முதலில், பல்பில் குறை இருக்கிறதா என்றே பலர் பார்ப்பதில்லை. ஹெட்லைற்றின் முன்பக்கத்தைக் கண்ணாடி என்று சொன்னாலும், இப்போதைய வண்டிகளில் அது பொலிகார்பனேற் பிளாஸ்ரிக். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளித்து மங்கிப்போகும். அதற்குப் பின்னால் எந்தப் பல்பைப் போட்டாலும் ஒளி சிதறுமே தவிரத் தூரத்துக்குப் போகாது. நீர்த்தாளால் தேய்த்து, பொலிஷ் பண்ணி, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்தால் பழைய பல்பே போதுமாக இருக்கும். அந்தப் பூச்சை விட்டுவிட்டால் கொஞ்சக் காலத்தில் திரும்பவும் மஞ்சளிக்கும்.

அடுத்தது மின்னழுத்தம். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஹலோஜன் பல்புக்கு (இழை சூடாகி எரியும் வழமையான பல்ப்) வோல்ற் சற்றுக் குறைந்தாலும் ஒளி மிக வேகமாக விழும்: பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற் இருந்து, லைற் எரிகிற நேரத்தில் பல்பின் சொக்கற்றில் 12.6 தான் காட்டுகிறது என்றால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட வழியிலேயே தொலைந்துவிட்டது. பழைய ஜீப்புகளில் லைற்றின் முழு மின்னோட்டமும் சுவிச்சுக்குள்ளால்தான் போய் வரும். வயர் மெல்லியது, எர்த் (மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) பிடித்த இடம் துருப்பிடித்திருக்கும். கடல்காற்றுப் படுகிற ஊரில், அதிலும் மீன்பெட்டி ஏற்றுகிற வண்டியில், சொல்லவே வேண்டாம். எர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள். பிறகு பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, தனிப் பியூஸும் ரிலேயும் (சுவிச்சின் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி) வைத்து லைற்றுக்குக் கொடுங்கள். பழைய லாண்ட் குரூசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலதில் சுவிச் எர்த் பக்கத்தில்தான் இருக்கும். சாதாரண ரிலே வயரிங்கை அப்படியே செருகினால் வேலை செய்யாது. இது தெரிந்த எலெக்ரீசியனிடம் கொடுப்பது நல்லது.

இதைச் செய்யாமல் 100/90 வாற் பல்ப் போடுவது நம் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம். எச்4 என்பது ஹைக்கும் (தூர வெளிச்சம்) டிம்முக்கும் (கிட்டத்து வெளிச்சம்) தனித்தனி இழை உள்ள பல்ப். அதன் முறையான அளவு 60/55 வாற்: ஹைக்கு 60, டிம்முக்கு 55. டிம்மில் 55 வாற் பல்ப் இரண்டும் சேர்ந்து 9 அம்பியர் அளவில் இழுக்கும். 90 வாற் என்றால் 15. அந்த வயரும் சொக்கற்றும் இதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சொக்கற் பழுப்பேறி உருகும், உள்ளே ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்ரரின் பளபளப்புப் பூச்சு உரியும். பியூஸ் போகிறதென்று பெரிய பியூஸ் போட்டால் வயர்தான் பியூஸாக எரியும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது எல்.ஈ.டி. ஹலோஜனுக்கென்று செய்த ஹெட்லைற்றில் ரிஃப்ளெக்ரரின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்தே வளைக்கப்பட்டது. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். எதிரே வருகிறவரின் கண்ணுக்கு ஒளி போகாமல் மறைப்பது அதுதான். எல்.ஈ.டி. பல்பில் ஒளி வருவது ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலிருந்து. இடம் சற்று விலகினாலே ஒளி மேலே சிதறி, சைக்கிளில் எதிரே வருகிறவரின் கண்ணைப் பொத்திவிடும். ஜீப்பின் லைற் உயரத்தில் இருப்பதால் காரைவிட இதில் கேடு அதிகம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே கண் கூசிய ஒருவர் எங்கே ஒதுங்குவது?

ஓட்டுபவருக்கும் இதில் ஏமாற்று இருக்கிறது. வண்டிக்கு முன்னால் பத்து மீற்றர் பளீரென்று இருக்கும், மனது நிறைந்துவிடும். ஆனால் கிட்டத்து வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் தூரத்து மாடு இன்னும் தெரியாமல் போகும். பெட்டியில் அச்சடித்த 20,000 லூமனை (லூமன் என்பது ஒளியின் அளவு) நம்ப வேண்டாம். தரமான எச்4 ஹலோஜன் டிம்மில் 1,000 லூமன், ஹையில் 1,650 லூமன் அளவுதான் தரும். அது சரியான இடத்தில் விழுவதால்தான் வேலை செய்கிறது.

எல்.ஈ.டி. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், சோதித்துப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் புதியதைப் போட்டு, மறுபக்கம் பழையதை விட்டு, இரவில் பத்து மீற்றர் தள்ளி ஒரு மதிலைப் பார்த்து நிறுத்துங்கள். டிம்மில் ஹலோஜன் பக்கம் மேல் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். புதியது அதற்கு மேலே பூசினாற்போல் பரவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்க விசிறி இடித்து இறப்பர் மூடி பூட்டுப்படாவிட்டாலும் வேண்டாம். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் நிற்கும்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் பிழை. கெல்வின் என்பது ஒளியின் நிறம், அளவு இல்லை. நீலம் பூசிய ஹலோஜன் பல்ப் வெள்ளையாகத் தெரிவது, பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதால். காசு கூடக் கொடுத்துக் குறைந்த வெளிச்சம் வாங்குகிறோம்.

ஜப்பானிலிருந்து வந்த ரிக்கொண்டிஷன் வண்டிகள் சிலவற்றில் செனன் லைற் (இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் வகை) பூட்டியே வரும். அங்கே பல்பின் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்க வேண்டும். டி2எஸ் புரொஜெக்ரருக்கு (முன்னால் வில்லை வைத்த லைற்), டி2ஆர் ரிஃப்ளெக்ரருக்கு. டி4 வகை பாதரசம் இல்லாதது, அது ஓடும் வோல்ற்றே வேறு. டி2 இடத்தில் போட முடியாது. பற்ற வைக்கும் நொடியில் 20,000 வோல்ற்றுக்கு மேல் வருவதால் லைற்றை அணைத்து, பற்றரி வயரையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய டீசல் லாண்ட் குரூசர் சிலது 24 வோல்ற். பல்ப் வாங்கமுன் அதையும் உறுதிப்படுத்துங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஹலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பின் ஆயுள் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிற்றால் துடையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். தர அங்கீகாரக் குறியான, வட்டத்துக்குள் ஈ (E) எழுத்தும் எண்ணும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 'நூறு வீதம் கூடுதல் வெளிச்சம்' என்கிற ஹலோஜன் உண்மையிலேயே தூரம் காட்டும், ஆயுள்தான் குறைவு. இரவு ஓட்டம் அதிகம் என்றால் எனக்கு அது பரவாயில்லை.

மணற்காட்டுப் பக்கம் மணல் பாதையில் ஓட இதற்கு மேலும் வெளிச்சம் வேண்டுமென்றால், தனி லைற் இரண்டு ரிலேயோடு பூட்டி, ஹை போட்டால் மட்டும் எரிகிற மாதிரிச் செய்யுங்கள். எதைப் பூட்டினாலும் கடைசியில் லைற்றை மட்டம் பிடிக்க வேண்டும்: சமதரையில் பத்து மீற்றருக்கு டிம்மின் விளிம்பு பத்து சென்ரிமீற்றர் அளவு கீழே இறங்க வேண்டும். பின்னால் சீமெந்து மூட்டை ஏற்றினால் மூக்கு நிமிர்ந்துவிடும். அப்போது டாஷ்போர்ட்டில் லைற்றை இறக்கும் சில்லு இருந்தால் அதைத் திருப்பி இறக்கிவிடுங்கள்.