ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மனை வாங்கும் முன்: இரண்டு வரைபடங்களைப் பார்ப்பது எப்படி?

"ரெசிடென்ஷியல் சோன்தான் சார், பயப்படாதீங்க" என்று புரோக்கர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் கடலோர மனைக்கு அது பாதி பதில். மாஸ்டர் பிளான் வேறு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்கிற சி.ஆர்.இசட். வேறு. இரண்டிலும் தேறினால்தான் வீடு.

படி 1: சர்வே நம்பர்
தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம், நில விவரம் உள்ள அ-பதிவேடு மூன்றையும் எடுங்கள். உட்பிரிவு வரை ஒத்துப் பாருங்கள். பத்திரத்தில் 112/2பி, பட்டாவில் வெறும் 112/2 என்றிருந்தால் அங்கேயே நில்லுங்கள். பக்கத்து உட்பிரிவு புறம்போக்காக இருக்கலாம், கடலோரத்தில் இது சகஜம்.

படி 2: மாஸ்டர் பிளான்
சென்னைப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது மாஸ்டர் பிளான், 2008-இல் வந்தது. அதன் எல்லைக்கு வெளியே என்றால் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் திட்டம். உங்கள் சர்வே நம்பர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை கடலோரம் நிலத்தடி நீர் செறிவுப் பகுதி. அந்த மணலுக்கு அடியில்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது, அதனால் கட்டட அளவுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மாடி மேல் மாடி கனவு இருந்தால் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 3: சி.ஆர்.இசட்.
இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதி பாயும். சாயங்காலம் நீங்கள் கால் நனைக்கும் இடம் அந்தக் கோடு இல்லை, அமாவாசை பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறும் கடைசி இடம். ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம், கால்வாய் ஓரத்துக்கும் விதி உண்டு, ஆகவே கடல் தள்ளித்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நகரப் பகுதி பொதுவாக சி.ஆர்.இசட். 2. ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாக மட்டுமே கட்டலாம். பழைய சாலைக்குக் கடல் பக்கமாக லேஅவுட்காரர் புதிதாகப் போட்ட ரோடு கணக்கில் வராது! ஊரகப் பகுதி சி.ஆர்.இசட். 3: மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையில் முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது, ஆனால் அதன்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அது செல்லும். எனவே எந்த ஆண்டு வரைபடத்தைக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

வரைபட அளவையும் பாருங்கள். 1:25,000-இல் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். ஐந்து சென்ட் மனை பேனாக் கோட்டுக்குள் மறைந்துவிடும். சர்வே நம்பர் போட்ட 1:4,000 வரைபடத்தைக் கேளுங்கள். அதிலும் விளிம்பில் வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் உயர் அலைக் கோட்டை வரையச் சொல்ல வேண்டியதுதான். செலவுதான், ஆனால் மனை விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

படி 4: அனுமதி
2019 அறிவிக்கைப்படி 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சியே அனுமதி தரலாம், ஆனால் சி.ஆர்.இசட். விதியைப் பார்த்துத்தான் தர வேண்டும். உள்ளாட்சி கையெழுத்து இருக்கிறதே என்று மட்டும் நம்பாதீர்கள்: கொச்சி மரடு அடுக்குமாடிகளுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது, சி.ஆர்.இசட். விதியை மீறியதற்காக 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

சரி, அட்வான்ஸ் பேச்சு வந்தால்? சி.ஆர்.இசட்.டில் கட்ட முடியாது என்று தெரிந்தால் பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அடுத்த மனையைப் பாருங்கள்.