பேட்டரி மாற்றும் முன் மூன்று முறை மீட்டர் வையுங்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். வாட்ச்மேனில் தொடங்கி மாடி வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க." நானும் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து, புது பேட்டரியோடு அதே இடத்தில் வண்டி மறுபடி நின்றது. அன்றைக்குத்தான் வோல்ட்டும் கரண்டும் அளக்கும் மல்டிமீட்டர் வாங்கினேன்.

நாம் பார்க்கப்போவது பெட்ரோல், டீசல் கார்களின் 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். டிஜிட்டல் மீட்டர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஆப்ப சோடா, சாவி திருப்ப ஒரு ஆள். இவ்வளவு போதும். மோதிரம், கைச்செயினைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் சிகரெட் கூடாது.

முதலில் கண்ணும் கையும்

பானெட்டைத் திறந்து டெர்மினலை (பேட்டரிக் குமிழில் மாட்டியிருக்கும் ஒயர் கிளாம்ப்) பிடித்து அசைத்துப் பாருங்கள். கையால் அசைகிறது என்றால் பாதி வியாதி அங்கேதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் கழற்றித் தேய்க்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வரிசை மாறினால், பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து பிரஷால் தேய்த்து, துடைத்து, காய்ந்தபின் மாட்டி மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது.

மீட்டர் 1: வண்டி தூங்கும்போது

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2 பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனை. காலியான பேட்டரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கலாம். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கணக்கு சரியாக வருகிறதல்லவா? அந்தப் பேட்டரியைத் தயங்காமல் மாற்றலாம்.

மீட்டர் 2: செல்ஃப் அடிக்கும்போது

முட்களை அப்படியே பிடித்துக்கொண்டு, உதவி ஆளை சாவி திருப்பச் சொல்லுங்கள். அப்போது இன்ஜினைச் சுழற்றும் மோட்டார்தான் செல்ஃப். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. எண் ஓடும் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. மொபைலில் மீட்டரை வீடியோ எடுத்து அப்புறம் நிறுத்திப் பாருங்கள். நல்ல பேட்டரி 9.6க்குக் கீழே இறங்காது. முழு சார்ஜில் இருந்தும் 8, 7 என்று சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். செல்ஃப் மோட்டாரே இறுகிப்போய் அதிக கரண்டை இழுத்தாலும் இப்படி ஆகும், ஆனால் அது குறைவு.

என் வண்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. செல்ஃப் 'ஊ... ஊ...' என்று முக்குகிறது, மீட்டரோ 11.6க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி கொடுக்கத் தயார், வாங்க வேண்டியவனுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் குமிழிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே), இன்னொன்றை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 1.5 காட்டியது. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன், ஒரே அடியில் ஸ்டார்ட். பழைய பேட்டரியை அதற்குள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். பிளஸ் பக்கமும் இதே சோதனை உண்டு: பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முனை வரை.

மீட்டர் 3: இன்ஜின் ஓடும்போது

மறுபடி பேட்டரி முனைகளில் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ வேலை செய்கிறது. (பட்டறையில் டைனமோ என்பார்கள், பில்லில் ஆல்டர்னேட்டர் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.) ஹெட்லைட், ஏசி ப்ளோயர் எல்லாம் போட்டாலும் 13க்கு மேல் நிற்க வேண்டும். 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை வாடை வரும். புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு தடவை குறைவாகக் காட்டியதும் பதற வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

டைனமோவைச் சோதிக்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இன்ஜின் கம்ப்யூட்டரையே காவு வாங்கும்.

மூன்றும் சரி, ஆனாலும் காலையில் காலியா?

ஏதோ ஒன்று ராத்திரியில் கரண்ட் குடிக்கிறது. வெளியில் வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபயர் மீதுதான் என் முதல் சந்தேகம் போகும். மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டெர்மினலுக்கும் குமிழுக்கும் நடுவே இணையுங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால், ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.