பணி மதிப்பீட்டுக்குத் தயாராகும் மேலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாத இறுதியில் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறக்கும் அன்றுதான் பல மேலாளர்கள் தம் குழுவினரின் ஓராண்டு உழைப்பை நினைவுகூரத் தொடங்குகிறார்கள். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. அண்மையில் நடந்ததே மனத்தில் முன்னே நிற்பதால், பிப்ரவரியில் தவறிய ஒரு கெடு, ஆகஸ்டில் இரவு பகலாக உழைத்ததை மறைத்துவிடுகிறது.

நானே இப்படி எழுதியிருக்கிறேன். எதிரே அமர்ந்திருந்தவர் மறுத்துப் பேசவில்லை. தம் கைப்பேசியில் ஆகஸ்ட் மாத மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார். வாடிக்கையாளர் அவரைப் பாராட்டி அனுப்பிய அந்த மடலின் நகல் எனக்கும் வந்திருந்தது. அதன்பின் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதக் கடைசியில் தேதியிட்டு இரண்டு வரியாவது எழுதிவருகிறேன்.

ஒரு குணத்தை வைத்து ஆளையே எடைபோடுவது அடுத்த தவறு. இராணுவ அதிகாரிகள் தம் வீரர்களுக்கு இட்ட மதிப்பெண்களில் இப்போக்கு இருந்ததை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே காட்டினார். நன்றாகப் பேசுபவர் நன்றாக வேலையும் செய்வார் என்று நாம் இன்றும் எளிதில் நம்பிவிடுகிறோம். ‘ஈடுபாடு போதவில்லை’ போன்ற சொற்களையும் விலக்குங்கள். ‘அக்டோபரில் இரண்டு வாராந்திர அறிக்கைகள் மூன்று நாள் தாமதமாக வந்தன’ என்று எழுதினால், அவரால் காரணம் சொல்லவோ திருத்திக்கொள்ளவோ முடியும். ஊழியர் எழுதித் தந்த சுயமதிப்பீட்டைப் படிக்காமல் உட்காருவது அவரை அவமதிப்பதே.

குறையை மதிப்பீட்டு நாள் வரை சொல்லாமல் வைத்திருப்பதைத்தான் நான் மிகப் பெரிய அநீதியாகக் கருதுகிறேன். தேவ் தத் வழக்கில், பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவைப்பட்ட ஓர் அரசு ஊழியருக்கு ஓராண்டு ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. அரசு ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு பதிவும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவன மேலாளரும் இதைத் தம் கடமையாகக் கொள்ளலாம்.

விடுப்புக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 26 வார மகப்பேறு விடுப்பில் இருந்தவரின் பணியை முழு ஆண்டு இலக்கோடு ஒப்பிடக் கூடாது. அவர் பணியிலிருந்த மாதங்களுக்குரிய இலக்கைத் தனியே கணக்கிட்டு, அதையே படிவத்தில் எழுத வேண்டும்.