மென்பொருள் நிறுவலில் சிக்கலா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் நிறுவப்படாமல் பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலோர் பிழைச் செய்தியைப் படிக்காமலே ‘ஓகே’ அழுத்தி மூடிவிட்டு, அதே கோப்பை மறுபடியும் இயக்குகிறார்கள். அச்செய்தியில் உள்ள எண்தான் முதல் தடயம் என்பதால், மூடுவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் 1618 என்று வந்தால் பின்னணியில் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும்வரை பொறுத்திருந்தால் போதும். 1603 அப்படிப்பட்டதன்று. நிறுவல் தோல்வியடைந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. அதை மட்டும் வைத்து இணையத்தில் தேடி, கிடைக்கும் தீர்வுகளை எல்லாம் வரிசையாகச் செய்துபார்ப்பது வீண் வேலை. எம்எஸ்ஐ வகைக் கோப்பை (விண்டோஸின் நிறுவல் கோப்பு வகை) லாக், அதாவது நிறுவலின் படிப்படியான பதிவு, எழுதும்படி இயக்கி, அந்த லாகில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடினால், பெரும்பாலும் அதற்குச் சற்று மேலுள்ள வரிகளிலேயே உண்மையான காரணம் இருக்கும்.

இதைவிட ஆபத்தான தவறு, ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) காணவில்லை என்ற செய்தி வந்ததும், அந்தக் கோப்பை மட்டும் முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸின் முக்கியக் கோப்புகள் உள்ள சிஸ்டம்32 கோப்புறையில் போடுவது. அது எந்தப் பதிப்பு, யார் மாற்றியமைத்தது என்பது தெரியாது. தீநிரல் உள்ளே நுழைய இது நல்ல வாசல். ‘விசிரன்டைம்140’ என்ற டிஎல்எல் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை நிறுவுவதே முறை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: விண்டோஸ் 64 பிட் ஆக இருந்தாலும், மென்பொருள் 32 பிட் ஆக இருந்தால் அதற்கு 32 பிட் தொகுப்புதான் தேவைப்படும். ஆகவே இரண்டையும் நிறுவிவிடுவது நல்லது.

‘கணினியை அணைத்துப் போட்டாயிற்று, அப்படியும் சரியாகவில்லை’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயக்கத்தில் இருக்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி முழுமையாக மூடப்படாமல் வட்டில் சேமிக்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது முழுமையாக மூடப்பட்டுப் புதிதாகத் தொடங்கும்; எனவே அதுவே சரி. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

நச்சுநிரல் தடுப்பான் கோப்பைத் தடுத்தால் உடனே தடுப்பானை அணைத்துவிடாமல், அந்தக் கோப்பை மென்பொருளை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய பதிப்பை நீக்க விரும்புவோர் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள அதன் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம்) உள்ள பதிவுகள் அப்படியே தங்கி, புதிய பதிப்பு நிறுவும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கக்கூடும்; ஆகவே செட்டிங்ஸ் வழியாகவே அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். வட்டில் இடம் போதவில்லை என்று விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டாலர்’ கோப்புறையைக் காலிசெய்வதும் கூடாது. மென்பொருள்களைப் பழுதுபார்க்கவும், புதுப்பிக்கவும், நீக்கவும் தேவையான எம்எஸ்ஐ கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.