முதல் தொகுப்புக்கு என்ன அவசரம்?

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கவிதை வகுப்பு எடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், நகைக்கடைக் கணக்கர் ஒருவர் வருகிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை வருகிறார். எழுத வந்த புதிதில் நாங்கள் விழுந்த பள்ளங்களிலேயே எல்லாரும் வரிசையாக விழுகிறார்கள். சந்திப்பிழை, நிலவைக் காதலியாக்குவது, வரிக்கு வரி மூன்று புள்ளி வைப்பது, இதெல்லாம் எழுத எழுதத் தானே உதிர்ந்துவிடும். உதிராதவற்றைச் சொல்கிறேன்.

பருவம் தெரியாமல் வயலை எழுதுவது

டெல்டாவில் பிறந்தவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சமீபத்தில் வந்த ஒரு கவிதையில், சித்திரை வெயிலில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. மேட்டூர் திறக்க வழக்கமான நாளே ஜூன் 12. 2024-இல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. சித்திரையில் ஆற்றில் மணல்தான், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். இன்னொரு கவிதையில் பொங்கலை ஒட்டிக் குறுவை அறுவடை. குறுவை புரட்டாசி, ஐப்பசியிலேயே களத்துக்கு வந்துவிடும். தையில் அறுப்பது சம்பா. எழுதியவரின் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. "கவிதைதானே சார்" என்றார். சரி, அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார்.

காசு கட்டித் தொகுப்பு போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

வலங்கைமான் பக்கத்துத் தம்பி ஒருவர். நல்ல கண் அவருக்கு. களத்தில் நெல் தூற்றிவிட்டு நிமிரும் அம்மாவின் புருவத்தில் தூசி ஒட்டியிருப்பதை ஒரே வரியில் எழுதியவர். அந்த வரியைச் சுற்றி ஒரு முழுக் கவிதை வருவதற்காகத் திருத்தித் திருத்தி எழுத வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அட்டைப்படத்தோடு வந்து நின்றார். "சார், அட்டை எப்படி இருக்கு, பாத்து சொல்லுங்க." கவிதைகள் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டன. குறுவைச் செலவுக்கென்று வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிய பணத்திலிருந்து 35,000 ரூபாயை ஒரு பதிப்பகத்துக்குக் கட்டியிருந்தார். டெம்மி அளவு, 300 பிரதி. அச்சில் ஒரே தாளில் அடித்து மடிக்கும் ஃபாரத்துக்கு 16 பக்கம், ஐந்து ஃபாரம், ஆக 80 பக்கம். ஐந்தாவது ஃபாரம் நிரம்ப வேண்டுமே என்று, வகுப்பில் அடித்துப்போட்ட கவிதைகளும் உள்ளே போயின.

புத்தகம் வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் யாரும் இல்லை. 'நாற்றங்கால்' என்று அவர் எழுதியது முதல் கவிதையிலேயே 'நாற்றம் கால்' என்று உடைந்து கிடந்தது. நண்பர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள், காசு கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர். மிச்சம் கட்டிலுக்கடியில். ஐப்பசி அடைமழையில் அடிப்பெட்டி ஓதமேறி, அட்டைகளெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. அதையும்விட நஷ்டம் அந்தப் புருவத்து வரி. அதை ஒழுங்கான கவிதையாக்கி ஏதாவது பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்றால், "அதான் புத்தகத்துல வந்துடுச்சே சார்" என்கிறார்.

காசு வாங்கி அச்சடித்துக் கொடுப்பது ஒரு தொழில், அதில் தப்பில்லை. அதற்குப் பதிப்பகம் என்று பலகை மாட்டும்போதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. பதிப்பகம் என்றால் தன் காசைப் போட்டு, விற்றதில் எழுதியவருக்கு ராயல்டி தர வேண்டும். வழக்கத்தில் அது 10 சதவீதம் அளவில் இருக்கும். உங்களிடமே செலவையும் லாபத்தையும் வாங்கிவிட்டவருக்கு அப்புறம் புத்தகத்தை விற்க என்ன கவலை? புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்று தம்பியிடம் தனியாக வேறு கறந்திருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை அதற்கான அரசு முகமை இலவசமாகத்தான் தருகிறது. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எழுதிக் கொடுத்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். இது தெரியாமல், தன் கவிதையைத் தானே மறுபடி அச்சிட அவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் தம்பி. நான் அதை வாங்கிக் கிழித்தேன்.

புத்தகமாகக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். டிஜிட்டல் அச்சில் 30 பிரதி மட்டும்கூடப் போடலாம், போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பத்துக் கவிதையாவது பத்திரிகைகளுக்குப் போய்வரட்டும். எவையெவை திரும்பி வருகின்றன என்று பார்த்தாலே தொகுப்பு பாதியாக இளைத்துவிடும்.

வெண்பாவைத் திட்டுவது

தளை, அதாவது சீரோடு சீர் சேரும் விதி, தட்டாமல் ஒரு வெண்பா எழுதிவிட்டுத் திட்டுங்கள். ஈற்றடி மூன்று சீர்.

தன் கவிதையை மட்டும் படிப்பது

ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை இல்லாதவர்களை இப்போதெல்லாம் வகுப்பில் சேர்ப்பதில்லை.

கடைசி நேரத்தில் முன்னுரை கேட்பது

அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி வந்து கதவைத் தட்டாதீர்கள். தட்டினால், இதை அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று நாலு பக்கம் எழுதித் தருவேன். ஒருவர் அதையும் அப்படியே முன்னுரையாகப் போட்டுவிட்டார்.