கல்லூரியில் பாலியல் தொல்லை: புகாரை எழுதுவது எப்படி?

புகார் போக வேண்டிய இடம் துறைத்தலைவர் மேசை அல்ல, இத்தகைய புகார்களை விசாரிக்கக் கல்லூரியில் உள்ள உள் புகார்க் குழு. 2015 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர் தொல்லையானால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு.

“தவறாக நடந்தான்” என்பதோடு நிறுத்தினால் விசாரணையில் நிற்பது கடினம். தேதி, இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் எல்லாம் வரட்டும். முதலில் சம்மதித்துப் பிறகு மறுத்திருந்தால், எப்போது, எப்படி மறுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் அதுதான் உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்றே என்று வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். 7 நாளில் புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும், பதிலுக்கு 10 நாள், விசாரணைக்கு 90 நாள். அதுவரை வகுப்புப் பிரிவு மாற்றமோ விடுப்போ வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், தானாக வராது. பணம் கொடுத்துச் சமரசம் செய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.